அடைகாக்கத் தெரிந்த பறவை

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள். பள்ளி விட்டுப் பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள். நான் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் வகுப்பறை வாசலில் தயங்கியபடி நின்றார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. கணவர் அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறார். உள்ளே வந்தவர், பிள்ளையின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை என் மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இந்தக் கணக்கு சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. கூட்டுக் காசு கைக்கு வருது. பத்து வெள்ளை வான்கோழிக் குஞ்சு வாங்கிப் போடலாம்னு இருக்கேன். கிறிஸ்மஸ் சமயத்துல வித்தா, மகளை இடைநிலைப் பள்ளியில சேர்க்கிற செலவு முழுசும் வந்துடும்."

நான் தாளைப் பார்த்தேன். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகவே இருந்தன. பிள்ளையை உட்கார வைத்துப் போட்ட கணக்கு என்பதும் தெரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் சரியில்லை. அவர் தேர்ந்தெடுத்த பறவை!

"கணக்கு சரிதாம்மா. பறவைதான் தப்பு. கொஞ்சம் உட்காருங்க. நானும் ஒரு காலத்துல இதே கணக்கைப் போட்டு ஏமாந்தவதான்" என்றேன்.

அன்று அவரிடம் சொன்னதையும், அதன் பிறகு நடந்ததையும் நம் வாசக சகோதரிகளுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றே இம்மாதம் இதை எழுதுகிறேன். தோட்டத்தில் கொல்லைப்புறம் உள்ளவர்களுக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறிக் கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியவர்களுக்கும் இது பயன்படும்.

அம்மா வளர்த்த ஜோடி

நான் பிறந்து வளர்ந்தது புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். லயத்துக்குப் பின்னால் சாக்கடை, அதைத் தாண்டினால் அம்மாவின் கத்தரிச் செடிகள், அதற்கும் அப்பால் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க் கம்பம். அங்கிருந்த ஒரு மாக்சிக், அம்மா கொடுத்த முருங்கைக்காய்க்கும் நாட்டுக்கோழிகளுக்கும் பதிலாக ஒரு ஜோடி வான்கோழியைக் கொடுத்தார். கறுப்பில் செம்புப் பொடி தூவியது போன்ற நிறம். வெயில் பட்டால் மின்னும்.

அந்தப் பெட்டை யாரையும் எதையும் கேட்கவில்லை. லாலாங் புல்லுக்குள் மறைவாக முட்டையிட்டது, தானே உட்கார்ந்தது, ஒரு நாள் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தது. அம்மா பால்மரம் வெட்டிவிட்டு வந்து பழைய சோறும் தவிடும் கலந்து வைப்பார். அவ்வளவுதான். அந்தப் பறவைகள் விற்ற காசில்தான் என் பள்ளிக் காலணிகள் வந்தன. அப்பாவின் சம்பளத்தில் கடைக்காரருக்குப் பங்கு உண்டு. வான்கோழிக் காசில் யாருக்கும் பங்கில்லை. அது அம்மாவின் சொந்தக் காசு.

அந்த மாக்சிக் அதை 'ஆயாம் பெலாண்டா' என்பார். அதாவது டச்சுக்காரன் கோழி. அவர் கணவரோ 'ஆயாம் பிரு' என்பார். போர்த்துக்கீசியர் இந்தப் பறவையை 'பெரு' என்று அழைத்ததால் வந்த பெயர் அது. 1511-இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் போர்த்துக்கீசியர். 1641-இல் அவர்களிடமிருந்து அதைப் பறித்தவர்கள் டச்சுக்காரர். நம் மாநிலத்தை ஆண்ட இருவரின் பெயரும் ஒரு கோழியின் தலையில் ஏறியிருக்கிறது பாருங்கள்!

உண்மையில் இது அவர்கள் இருவர் நாட்டுப் பறவையும் அல்ல. மெக்சிகோ நாட்டு மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் பழக்கி வளர்த்த பறவை. ஸ்பானியர் 16-ஆம் நூற்றாண்டில் அதைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். ஆங்கிலேயர் அதைத் துருக்கிப் பறவை என்றார்கள். துருக்கியரோ இந்தியப் பறவை என்றார்கள். சொந்த நாட்டின் பெயரை மட்டும் யாரும் வைக்கவில்லை. 1612-இல் கோவாவிலிருந்து வந்த ஒரு வான்கோழியைக் கண்டு வியந்த மொகலாய மன்னர் ஜஹாங்கீர், தம் அரண்மனை ஓவியர் மன்சூரைக் கொண்டு அதைப் படமாக வரையச் செய்தார். அந்த ஓவியம் இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டில், மயிலைப் பார்த்துத் தானும் சிறகை விரித்து ஆடியதாக வான்கோழியைக் கேலி செய்வதை நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் கடல் கடந்து வந்து, பெயர் தெரியாத மண்ணில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குடும்பத்தைக் காப்பாற்றிய பறவை அது. நம் பாட்டன் பாட்டிமார் கதையும் கிட்டத்தட்ட அதுதானே?

பெரிய மார்பு, பெருகாத குலம்

இனி விஷயத்துக்கு வருவோம். வான்கோழியில் இன்று இரண்டு பெரும் பிரிவு உண்டு.

ஒன்று, பெரிய பண்ணைகளுக்காகவே உருவாக்கப்பட்ட அகன்ற மார்பு வகை. பெரும்பாலும் வெள்ளை நிறம். சீக்கிரம் எடை போடும். மேலைநாடுகளில் கிறிஸ்மஸுக்கு விற்கும் வான்கோழிகளில் மிகப் பெரும்பாலானவை இவைதாம். மார்புச் சதை அளவுக்கு மீறிப் பெருத்துவிடுவதால் சேவல் பெட்டையோடு இயற்கையாகச் சேர முடியாது. ஒவ்வொரு பெட்டைக்கும் மனிதர்தான் செயற்கை முறையில் கருவூட்ட வேண்டும். நம் வீட்டுக் கொல்லையில் அதை யார் செய்வது?

மற்றொன்று, பழைய பாரம்பரிய வகைகள். வெண்கல நிறம், கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு எனப் பல நிறங்களில் உண்டு. அமெரிக்காவில் பழைய கால்நடை இனங்களைக் காக்கப் பாடுபடுவோர், பாரம்பரிய வான்கோழிக்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள். அது தானே இணை சேர வேண்டும். நீண்ட நாள் பயன் தர வேண்டும். மெதுவாக வளர வேண்டும். பெட்டை ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், சேவல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இனம் பெருக்கும். விற்கும் எடைக்கு வர ஏறக்குறைய 28 வாரம் ஆகும்.

மெதுவாக வளர்வது குறை அல்லவா என்று கேட்பீர்கள். பண்ணைக்காரருக்குக் குறைதான். அதனால்தான் அந்நாட்டில் எல்லோரும் அகன்ற மார்பு வகைக்கே மாறினார்கள். 1997-இல் கணக்கெடுத்தபோது, பாரம்பரிய வகைகள் அனைத்தையும் சேர்த்தே இனப்பெருக்கப் பறவைகள் 1,500-கூட இல்லை! அதன் பிறகே விழித்துக்கொண்டு, சிறு விவசாயிகள் மூலம் மீண்டும் பெருக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். 1930-களில் அமெரிக்க விவசாயத் துறையினர் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்னும் ஊரில், சிறு குடும்பத்துக்கும் சிறு அடுப்புக்கும் ஏற்ற ஒரு சிறிய வெள்ளை வான்கோழியை உருவாக்கினார்கள். இது அகன்ற மார்பு வெள்ளையிலிருந்து வேறானது. தானே இணை சேரும். சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. பிறகு பெரிய பறவை மோகத்தில் அங்கே ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஆனால் தமிழ்நாட்டில், சென்னை நந்தனத்துக் கோழியின ஆராய்ச்சி நிலையத்தார் இந்தச் சிறிய வெள்ளையை உள்நாட்டுக் கறுப்பு வான்கோழியோடு சேர்த்து 'நந்தனம் வான்கோழி-1' என்ற வகையை உண்டாக்கினார்கள். படித்த விஞ்ஞானிகளே வெயிலைத் தாங்க உள்ளூர்க் கறுப்புப் பறவையைத்தான் தேடிப் போனார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நான் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் எட்டு வெள்ளைக் குஞ்சுகள் வாங்கினேன். "ஐந்தே மாதத்தில் பாருங்கள்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பார்ப்பவர் கண்படும்படி வளர்ந்தன. எல்லாவற்றையும் விற்காமல் ஒரு சேவலையும் மூன்று பெட்டைகளையும் வைத்துக்கொண்டேன். அம்மாவின் ஜோடியைப் போல் இவையும் பெருகும் என்ற நினைப்பு.

சேவல் தோகை விரித்தது, உறுமியது, பெட்டையின்மேல் ஏற முயன்று முயன்று அதன் முதுகுத் தோலைக் கிழித்ததுதான் மிச்சம். பெட்டைகள் முட்டையிட்டன. பதினான்கு முட்டைகளை அடை வைத்தேன். இருபத்தெட்டு நாள் கழித்துப் பார்த்தால் பதினான்கும் கூமுட்டை! சேவலுக்குக் கால் மடங்கி, எழுந்து நடக்கவே திணறியது. மீண்டும் வளர்க்க வேண்டுமானால் மீண்டும் அதே வியாபாரியிடம் காசோடு போக வேண்டும்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. குஞ்சுக்கும் கடை, தீவனத்துக்கும் கடை என்றால் அது கோழி வளர்ப்பு அல்ல. இன்னொருவருக்குச் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. அடைகாக்கத் தெரிந்த பறவையே நமக்குச் சொந்தமான பறவை.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இதன் தாய் தானாக அடைகாத்துப் பொரித்ததா?" ஆம் என்றால், தாய்ப் பறவையையும் குஞ்சுகளையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். கம்பங்களில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வளர்ந்தவை பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. அவை இன்ன இனம் என்று எழுதிக் காட்டப் பத்திரம் இருக்காது. தாயும் குஞ்சுமே பத்திரம்.

இரண்டாவது, உடலைத் தடவிப் பாருங்கள். நடுமார்பு எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கால் நேராக, விரல்கள் வளையாமல் இருக்க வேண்டும். கண் தெளிவாக, கண்ணுக்குக் கீழ் வீக்கமில்லாமல், மூக்கில் நீர் வடியாமல் இருக்க வேண்டும். துரத்தினால் விரைந்து ஓட வேண்டும்.

மூன்றாவது, சேவலையும் பெட்டையையும் ஒரே வீட்டில் வாங்காதீர்கள். கூடப்பிறந்தவை இணை சேர்ந்தால் நாளடைவில் குஞ்சு நலிந்துபோகும். ஒரு சேவலுக்கு நான்கைந்து பெட்டை வரை போதும். தொடங்குபவர்களுக்கு ஒரு சேவலும் இரண்டு பெட்டையுமே நல்லது. பெரிய சேவலின் நெஞ்சில் குதிரைமயிர் போல ஒரு கொத்து தொங்கும். தொண்டை கிழிய உறுமுவதும் அதுதான்.

நான்காவது, வாங்கிய பறவைகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

குஞ்சுகளுக்குப் பாடம்

பெட்டை ஏறக்குறைய முப்பது வாரத்தில் பருவத்துக்கு வரும். முட்டை ஒன்று 85 கிராம் அளவில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் உட்காரும். பொரிக்க 28 நாள். சில பெட்டைகள் பசியை மறந்து உட்கார்ந்தே கிடக்கும். நாளுக்கு ஒருமுறை மெல்ல எழுப்பி, தீனியும் தண்ணீரும் காட்டுங்கள். புதரில் முட்டையிட்டால் பாம்புக்கு விருந்தாகிவிடும். பழைய பெட்டியில் வைக்கோல் போட்டு இருட்டான மூலையில் முன்கூட்டியே வைத்துவிடுவது நலம்.

நாட்டுக்கோழிக் குஞ்சு பிறந்த உடனே கொத்தித் தின்னும். வான்கோழிக் குஞ்சு அப்படி அல்ல. கண்ணும் மந்தம், புத்தியும் மந்தம். தீனிக்கு நடுவில் நின்றபடியே பட்டினியால் செத்துப்போகும். என் வகுப்பு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் போல, பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். தாய் கூட இருந்தால் பாதிப் பாடம் அதுவே சொல்லித்தரும். மீதியை நாம் சொல்ல வேண்டும்.

தட்டில் தீனியைப் போட்டு, விரல் நுனியால் கோழி கொத்துவது போல் 'டக் டக்' என்று தட்டுங்கள். பச்சை நிறம் இவற்றுக்குப் பிடிக்கும். கீரையைப் பொடியாக நறுக்கித் தீனியின்மேல் தூவுங்கள். தண்ணீர்த் தட்டில் இரண்டு மூன்று கோலிக் குண்டுகள் போட்டால், மின்னுவதைக் கொத்த வந்து குடிக்கப் பழகும். விழுந்து மூழ்கவும் மாட்டாது. முதல் பதினைந்து நாள், பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போடுவது பெரும் பலம். வான்கோழிக் குஞ்சுக்கு நூற்றுக்கு 28 பங்கு புரதம் தேவை. கடையில் விற்கும் சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீனியில் அவ்வளவு இராது. முட்டையும், உப்பில்லாத மீன்தூளும், முருங்கைக் கீரையும் அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்யும்.

ஈரமும் குளிருமே குஞ்சுக்கு எமன். நம் ஊர் மாலை மழையில் ஒருமுறை நனைந்தால் போதும், மறுநாள் காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும். முதல் வாரம் கூட்டுக்குள் 35 பாகை வெப்பம் வேண்டும். வாரத்துக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லையே என்று கவலை வேண்டாம். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியான அளவு. இரண்டு மாதமாகும் வரை ஈரத் தரையில் விடாதீர்கள்.

கோழியோடு சேர்க்காதீர்கள்

இதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழியை விடக்கூடாது.

'கருந்தலை நோய்' என்று ஒன்று உண்டு. 1895-இல் அமெரிக்க விஞ்ஞானி தியோபால்ட் ஸ்மித் இதன் கிருமியைக் கண்டறிந்து எழுதினார். கோழியின் குடலில் இருக்கும் சிறு புழுவின் முட்டைக்குள் இந்தக் கிருமி ஒளிந்துகொள்ளும். எச்சத்தோடு மண்ணில் விழுந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்புழுவும் அதைச் சுமக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வான்கோழிக்கோ குடலும் ஈரலும் புண்ணாகிவிடும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போகும், சிறகு தொங்கும், சில நாளில் உயிர் போய்விடும். வந்த பின் குணப்படுத்த எளிய மருந்து கிடையாது. வராமல் தடுப்பதுதான் வழி.

என் வெள்ளைக் குஞ்சுகளில் இரண்டு இப்படித்தான் போயின. பழைய கோழிக்கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, அதிலேயே விட்டிருந்தேன். சுவருக்கு வெள்ளை அடித்தேனே தவிர, மண்ணை மறந்துவிட்டேன். அம்மாவின் பறவைகள் எப்படித் தப்பின என்று கேட்பீர்கள். கோழிகள் லயத்தின் முன்பக்கம் மேய்ந்தன. வான்கோழிகள் வேலியோரப் புல்வெளியில் மேய்ந்தன. அம்மாவுக்கு இந்த நோயின் பெயர் தெரியாது. ஆனால் இரண்டும் சண்டை போடும் என்று பிரித்து வைத்திருந்தார். அந்தப் பழக்கம் காப்பாற்றியது.

ஆகவே கோழியா, வான்கோழியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் வேண்டுமானால் தனித்தனி நிலம், தனித்தனி தட்டு, உள்ளே போகத் தனிச் செருப்பு. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பலகைக் கூடு மிக நல்லது. எச்சம் கீழே விழுந்துவிடும், காற்றும் வரும்.

கோழிக் கழிச்சல் என்னும் கொள்ளைநோயும் வான்கோழிக்கு வரும். 1980-களில் செர்டாங்கில், இன்று புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றுள்ள அன்றைய விவசாயப் பல்கலைக்கழகத்தார், ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து, கம்பத்துக் கோழிகளுக்குத் தீனியிலேயே கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கி உலகுக்கே வழிகாட்டினார்கள். உங்கள் பறவைகளுக்கு எந்தத் தடுப்பூசி, எப்போது என்பதை மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், இரண்டு பறவை வைத்திருப்பவரும் கேட்கலாம். பறவைகள் காரணமின்றிக் கூட்டமாகச் செத்தால் அறுத்துச் சமைக்காதீர்கள், அவசரமாக விற்றுவிடவும் செய்யாதீர்கள். 2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டது நினைவிருக்கட்டும். உடனே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

தோட்டத்துக்கே உரிய ஆபத்து

நம் இடத்தில் மூசாங்கும் மலைப்பாம்பும் உடும்பும் தெருநாயும் உண்டு என்பது தெரிந்ததே. மாலையில் கூட்டில் அடைத்துத் தாழிடுங்கள். ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்தால் வேலி தாண்டிப் பறக்காது.

ஆனால் பாம்பைவிட நான் பயப்படுவது மருந்துக்குத்தான். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது நல்ல செய்தி. என்றாலும் வேறு களைக்கொல்லிகள் தெளிக்கப்படுகின்றன. செம்பனை மரத்தடியில் எலிமருந்துக் கட்டிகளும் வைக்கப்படுகின்றன. வான்கோழிக்கு நிறமுள்ள எதையும் கொத்திப் பார்க்கும் குணம் உண்டு. ஆகவே எந்தப் பகுதியில் என்றைக்கு மருந்து என்பதை மண்டோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்நாட்களில் பறவைகளை அடைத்து வையுங்கள். மருந்து தெளிக்கும் சகோதரிகள் வேலை உடையோடு கூட்டுப் பக்கம் போகாதீர்கள். அந்த உடையோடு பிள்ளையைத் தூக்குவதும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தோட்ட வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்பது முறை. தாமான் வீட்டுக்காரர்கள் ஊராட்சி மன்றத்தைக் கேளுங்கள். சேவலின் உறுமல் நான்கு வீடு தாண்டிக் கேட்கும்!

தாளில் விட்டுப்போன கணக்கு

இவ்வளவையும் கேட்ட பிறகு அந்தத் தாயார், "அப்போ என் கணக்கு?" என்றார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து மறுபடி போட்டோம்.

அடைத்து வைத்து வளர்த்தால், இருபத்துநான்கு வாரத்தில் சேவல் ஒன்று ஏறக்குறைய 25 கிலோ தீவனம் தின்னும்; பெட்டை 18 கிலோ. பத்தில் பாதி சேவல், பாதி பெட்டை என்றால் 125-உம் 90-உம் சேர்ந்து 215 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் நான்குக்கு மேல்! அவருடைய தாளில் குஞ்சின் விலை இருந்தது, விற்கும் விலை இருந்தது. தீவனத்துக்கு இரண்டு மூட்டைதான் எழுதியிருந்தார். குஞ்சு சாகும் கணக்கும் இல்லை. அடுத்த ஆண்டுக் குஞ்சுக்கு மறுபடி காசு வேண்டும் என்பதும் இல்லை.

மேய விட்டால் தீவனச் செலவு பாதிவரை குறையும். புல், பூச்சி, விழுந்த பழம், காங்கோங் தண்டு எல்லாம் இதற்கு உணவு. ஆனால் அகன்ற மார்பு வெள்ளைக்கு மேயும் சுறுசுறுப்பு குறைவு. மெதுவாக வளரும் பறவையின் குறை, இங்கேதான் நிறைவாக மாறுகிறது. அது தின்னும் பாதி நம் காசு அல்ல.

விற்பனையையும் முன்பே யோசிக்க வேண்டும். வான்கோழி தினந்தோறும் விற்கும் பொருளல்ல. கிறிஸ்மஸுக்கு நம் தோட்டத்துக் கிறிஸ்துவக் குடும்பங்களும் பட்டணத்தாரும் கேட்பார்கள். மற்ற நாளில் கேட்பவர் குறைவு. ஆகவே ஆளைத் தேடிச் சொல்லி வைத்த பிறகே குஞ்சை எண்ணுங்கள்.

அவர் பத்துக் குஞ்சு வாங்கவில்லை. கம்பத்தில் ஒரு வீட்டில் வெண்கல நிறப் பெட்டை இரண்டும், வேறொரு வீட்டில் கறுப்புச் சேவல் ஒன்றும் வாங்கினார். கூட்டுக் காசில் மிச்சமும் இருந்தது. கணவர் பழைய பலகையில் கூடு கட்டிக் கொடுத்தார். அடை வைத்த நாளை மகள் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, இருபத்தெட்டு நாளை எண்ணிக் குறித்தாள்.

முதல் அடையில் பன்னிரண்டு முட்டை. ஒன்பது பொரித்தன. ஒரு மழை இரவில் கூரை ஒழுகி இரண்டு போயின. மூன்றாவதை உடும்பு கொண்டுபோயிற்று. ஆறு தேறின, மூன்று சேவல், மூன்று பெட்டை. கிறிஸ்மஸுக்கு மூன்று சேவலையும் விற்றார். அந்தக் காசு மகளின் பள்ளிச் செலவு முழுமைக்கும் போதவில்லை என்பதையும் நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீருடைக்கும் காலணிக்கும் புத்தகப் பைக்கும் போதுமானதாக இருந்தது. மீதியைச் சம்பளத்தில்தான் சமாளித்தார்கள்.

ஆனால் கொல்லையில் இப்போது ஐந்து பெட்டைகள் இருக்கின்றன. தகப்பனே மகளோடு சேரக்கூடாது என்பதால், கறுப்புச் சேவலைக் கம்பத்தில் ஒரு மாக்சிக்கிடம் கொடுத்துவிட்டு, அவருடைய சாம்பல் நிறச் சேவலை மாற்றாக வாங்கியிருக்கிறார்கள். காசு கைமாறவில்லை. அதைக் கேட்டபோது, முள்வேலியோரம் முருங்கைக்காயோடு நின்ற என் அம்மா கண்முன் வந்து போனார்.

சென்ற வாரம் அந்த மகள் படிவம் ஒன்றுச் சீருடையோடு என்னைப் பார்க்க வந்தாள். பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"டீச்சர், இப்போ ரெண்டு பெட்டை அடையில உட்கார்ந்திருக்கு. நாங்க எதுவும் வாங்கவே இல்ல!"